ஆராய்ச்சி ஆய்வுகூடத்துக்கு ஏற்ற தர உறுதிப்பாடு: திருகோணமலையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

மா ஆலை ஒன்றின் ஆய்வுகூடத்தில் ஈரப்பதனும் புரதமும் சாம்பலும் அன்றாடம் ஒரே முறையில் அளக்கப்படுகின்றன. புல்மோட்டைக் கரையில் எடுக்கப்படும் கனிய மணலைப் பகுக்கும் ஆய்வுகூடத்திலும் நிலைமை இதுதான்; இன்று செய்த சோதனையே நாளையும் நடக்கும், செய்பவரும் பெரும்பாலும் மாறமாட்டார். தர உறுதிப்பாட்டு முறைகள் இத்தகைய இடங்களை மனத்திற்கொண்டே வகுக்கப்பட்டவை. ஆராய்ச்சி ஆய்வுகூடத்தின் வாழ்க்கையோ வேறு. இவ்வருடம் கொட்டியாரக் குடாவின் நைத்திரேற்றை அளக்கும் அதே மேசையில் அடுத்த வருடம் மூலிகைச் சாறு வடிக்கப்படும்; கைதேர்ந்த மாணவர் பட்டம் பெற்றுப் போய்விடுவார்; புதியவர் வந்து எங்கே எது இருக்கிறது என்று தேடத் தொடங்குவார்.

இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் தர உறுதிப்பாட்டைக் கொண்டுவர முயன்றால் இரண்டில் ஒன்று நடக்கும். அங்கீகாரம் பெற்ற ஒரு சோதனைக்கூடத்தின் கைந்நூலை இரவல் வாங்கி, பெயரை மட்டும் மாற்றி, அலுமாரியில் அடுக்கிவிட்டு மறந்துபோவது ஒன்று. “ஆராய்ச்சிக்கு இதெல்லாம் சரிவராது” என்று கூறி, தராசைக்கூடச் சரிபார்க்காமல் காலத்தைக் கடத்துவது மற்றொன்று. இவ்வழிகாட்டி எடுக்கும் நிலைப்பாடு எளியது: ஆய்வுகூடத்தில் எவை திரும்பத் திரும்ப நிகழ்கின்றனவோ அவற்றை இறுக்கமாகக் கட்டுப்படுத்த வேண்டும், எவை மாறிக்கொண்டே இருக்கின்றனவோ அவற்றைச் சுதந்திரமாக விட்டு, மாறிய விதத்தை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். கீழே வரும் படிகள் அனைத்தும் இந்த ஒரு பிரிப்பிலிருந்து கிளைப்பவையே.

எந்த நியமம் எதற்காக

தொடங்குமுன் நியமங்களின் எல்லைகளைத் தெரிந்துகொள்வது வீண் உழைப்பைக் குறைக்கும். நல்ல ஆய்வுகூட நடைமுறை எனப்படுவது, ஐக்கிய அமெரிக்காவில் தனியார் சோதனை நிறுவனங்கள் சில பொய்த் தரவுகளைச் சமர்ப்பித்தமை அம்பலமானதையடுத்து, அந்நாட்டின் உணவு, மருந்து நிருவாகம் 1978 இல் வெளியிட்ட விதிகளுடன் உருவானது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்திக்கான அமைப்பு (ஓ.ஈ.சீ.டி.) இந்நடைமுறைக்கான தனது கோட்பாடுகளை 1981 இல் ஏற்று, 1997 இல் திருத்தியது. மருந்துகள், பீடைகொல்லிகள் போன்றவற்றின் பாதுகாப்பை ஒழுங்குபடுத்தும் அதிகாரிகளிடம் கையளிக்கப்படும் ஆய்வுகளுக்கே அவை உரியவை. சர்வதேச நியமங்கள் அமைப்பின் ஐ.எஸ்.ஓ. 17025 நியமம் 1999 இல் முதன்முதலாக வெளிவந்து 2005 இலும் 2017 இலும் திருத்தப்பட்டது. அது சோதனை மற்றும் அளவுதிருத்த ஆய்வுகூடங்களின் தகைமையைப் பற்றியது. ஐ.எஸ்.ஓ. 9001 முகாமைத்துவத்தைப் பற்றியது. அளவீடு சரியா பிழையா என்று அது கேட்பதில்லை.

இவற்றுள் எதுவும் அடிப்படை ஆராய்ச்சிக்கென்று தைக்கப்பட்ட சட்டை அன்று. அந்த இடைவெளியை உணர்ந்தே, பகுப்பாய்வு இரசாயனவியலின் தரத்துக்காக இயங்கும் யூராக்கெம், சிற்றாக் ஆகிய அமைப்புகள் ஆராய்ச்சி மற்றும் வழமையற்ற பகுப்பாய்வுகளுக்கான தர உறுதிப்பாட்டு வழிகாட்டியை 1998 இல் வெளியிட்டன. உலக சுகாதார நிறுவனத்தின் வெப்பமண்டல நோய்கள் தொடர்பான ஆராய்ச்சித் திட்டமும் அடிப்படை உயிர்மருத்துவ ஆராய்ச்சிக்கென ஒரு கைந்நூலைத் தயாரித்தது. சிறிய ஆய்வுகூடம் ஒன்று படிக்கத் தொடங்க வேண்டியது இவ்விரண்டிலிருந்துதான். 17025 ஐ அதன் பின்னர் திறந்தால் போதும்.

படி 1: ஓர் எண்ணைப் பின்னோக்கித் தொடர்தல்

வழமையாக உள்ளகக் கணக்காய்வு கடைசிப் படியாக வைக்கப்படும். ஆராய்ச்சி ஆய்வுகூடத்தில் அதை முதலில் செய்வதே நல்லது, ஏனெனில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பதைக் கைந்நூல் சொல்லாது, அங்கு ஏற்கெனவே நடந்த வேலைதான் சொல்லும்.

அண்மையில் முடிந்த ஆய்வேடு ஒன்றை எடுத்து, அதன் அட்டவணையிலிருந்து ஏதேனும் ஓர் எண்ணைத் தெரிவுசெய்யுங்கள். மூதூர் இறங்குதுறைக்கு அருகே எடுத்த நீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 2.1 மில்லிகிராம் என்று அதில் எழுதப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அந்த எண் எந்தக் கணினிக் கோப்பிலிருந்து வந்தது, கோப்பிலுள்ள உறிஞ்சல் பெறுமானம் எந்த நாளின் அளவீடு, அன்று பயன்பட்ட நியமக் கரைசல்களை யார் எப்போது தயாரித்தார், அதற்கான உப்பு எந்தப் போத்தலிலிருந்து எந்தத் தராசில் நிறுக்கப்பட்டது, தராசு அம்மாதம் சரிபார்க்கப்பட்டதா, மாதிரி எடுத்த நேரத்துக்கும் அளந்த நேரத்துக்கும் இடையில் எத்தனை மணித்தியாலம் அது எங்கே கிடந்தது என்று ஒவ்வொரு கண்ணியாகப் பின்னே போங்கள். அரை நாள் வேலை இது. எந்தக் கண்ணியில் “அது அந்த அக்காவுக்குத்தான் தெரியும்” என்ற பதில் வருகிறதோ, அங்கேதான் உங்கள் முதல் செயன்முறைத் தாள் எழுதப்பட வேண்டும். இதற்கு அந்த அக்காவைக் குற்றஞ்சாட்டத் தேவையில்லை. அவர் கேட்கப்படாததை எழுதவில்லை, அவ்வளவுதான்.

படி 2: வேலைகளை மூன்றாகப் பிரித்தல்

ஆய்வுகூடத்தில் நடக்கும் எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக்கி மூன்று தட்டுகளில் இடுங்கள். நிறுத்தல், பிப்பெற்றால் அளந்தெடுத்தல், பீஎச் அளத்தல், காய்ச்சி வடித்த நீர், குளிர்சாதனப் பெட்டி, இரசாயனக் களஞ்சியம் ஆகியன முதலாவது தட்டு. எந்த ஆராய்ச்சி நடந்தாலும் இவை மாறுவதில்லை. ஆகவே ஒரு சோதனைக்கூடத்துக்குரிய முழுக் கண்டிப்பும் இங்கே பொருந்தும். ஒரு குறிப்பிட்ட ஆராய்ச்சித் திட்டத்தின் காலம் முழுவதும் பயன்படும் பகுப்பாய்வு முறைகள் இரண்டாவது தட்டு. அவற்றுக்குத் திட்டத் தொடக்கத்தில் ஒரு தடவை முறையான சரிபார்ப்பும், பின்னர் ஒவ்வொரு தொகுதிக்கும் கட்டுப்பாட்டு மாதிரிகளும் வேண்டும். “இப்படிச் செய்து பார்த்தால் என்ன?” என்ற வகைத் தேடல்கள் மூன்றாவது தட்டு. இங்கே முன்கூட்டிய அனுமதியோ செயன்முறைத் தாளோ கேட்பது ஆராய்ச்சியின் கழுத்தை நெரிப்பதாகும். என்ன செய்தோம் என்ற நேர்மையான குறிப்பு மட்டும் போதும்.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: மூன்றாவது தட்டில் கிடைத்த முடிவு வெளியீட்டுக்குப் போகுமானால், அது இரண்டாவது தட்டுக்கு ஏற்றப்பட்டு மீண்டும் செய்யப்பட வேண்டும். தேடலில் கிடைத்த அழகான ஒரு வளையியை அப்படியே கட்டுரைக்குள் ஒட்டும் பழக்கம்தான் பின்னர் யாராலும் திருப்பிச் செய்ய முடியாத முடிவுகளைப் பெற்றுத்தருகிறது. நேச்சர் சஞ்சிகை 2016 இல் நடத்திய கருத்தறிதலில் பதிலளித்த 1,576 ஆய்வாளர்களுள் 70 சதவீதத்துக்கும் அதிகமானோர் பிறரின் பரிசோதனையைத் திருப்பிச் செய்ய முயன்று தோற்றதாகவும், பாதிக்கு மேற்பட்டோர் தம் சொந்தப் பரிசோதனையிலேயே அவ்வாறு தோற்றதாகவும் கூறினர்.

படி 3: பொறுப்பைக் கொடுத்தல்

தரத்துக்குப் பொறுப்பானவர் அந்த ஆராய்ச்சியைச் செய்பவராக இருக்கக்கூடாது. பெரிய நிறுவனங்களில் இதற்கெனத் தனிப் பிரிவே உண்டு. நமது சூழலில் அது நடவாத காரியம். இரண்டு ஆய்வுகூடங்கள் பரஸ்பரம் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே நடைமுறைக்கு உகந்த ஏற்பாடு. இரசாயனவியல் பக்கத்துத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் உயிரியல் பக்கத்தின் பதிவேடுகளைத் தவணைக்கு ஒருமுறை பார்ப்பார். உயிரியல் பக்கத்தவர் இவருடையதைப் பார்ப்பார். பார்ப்பவர் துறை நிபுணராக இருக்க வேண்டிய அவசியமில்லை. திகதி இருக்கிறதா, கையொப்பம் இருக்கிறதா, எண் தடம்பிடிக்கக் கூடியதா என்பதைக் காண நிபுணத்துவம் வேண்டியதில்லை.

படி 4: அளவீட்டு அடித்தளம்

நேரத்தையும் பணத்தையும் அதிகமாகச் செலவிட வேண்டிய இடம் இது. திருகோணமலையில் கடற்காற்றின் உப்பும் ஈரப்பதனும் வெப்பமும் சேர்ந்து கருவிகளைச் சோதிக்கின்றன. வெளிநாட்டுக் கைந்நூல்கள் 20 பாகை செல்சியஸ் அறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

தராசைச் சுவரோடு பொருத்திய கல் மேசையில், குளிரூட்டியின் காற்று நேரே படாத இடத்தில் வையுங்கள். சான்றிதழுள்ள சரிபார்ப்பு நிறை ஒன்றை, வேலை தொடங்குமுன் ஒவ்வொரு நாளும் வைத்துப் பார்த்து, காட்டிய பெறுமானத்தைத் தராசின் பக்கத்திலுள்ள கொப்பியில் எழுதுங்கள். நிறையை வெறுங்கையால் தொடக்கூடாது. நிறையின் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் இருக்கட்டும். நீலநிறச் சிலிக்கா ஜெல் இங்கே மழைக்காலத்தில் விரைவில் இளஞ்சிவப்பாகிவிடும். அதைக் கவனித்துச் சூடாக்கி மீட்பதும் ஒருவருக்குரிய வேலையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்நிறையின் அளவுதிருத்தம் தேசிய அளவீட்டு நியமத்துடன் தொடர்புபட்டிருக்க வேண்டும். இலங்கையில் இதற்குரிய தேசிய அமைப்பு அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் ஆகும்.

பிப்பெற்றைச் சரிபார்க்க தராசும் காய்ச்சி வடித்த நீரும் போதும். நீர், பிப்பெற், அறை மூன்றும் ஒரே வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருந்து, 1,000 மைக்குரோலீற்றரைப் பத்துத் தடவைகள் எடுத்து நிறுக்க வேண்டும். இங்கேதான் வெளிநாட்டுக் கைந்நூல் வழிதவற வைக்கும். ஒரு மில்லிலீற்றர் நீர் ஒரு கிராம் என்று எடுத்துக்கொண்டால், 30 பாகை அறையில் முற்றிலும் சரியான பிப்பெற்கூடப் பிழையானதாகத் தெரியும். அவ்வெப்பநிலையில் நீரின் அடர்த்தி மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 0.9957 கிராம், காற்றின் மிதப்பு விசையையும் சேர்த்துப் பார்த்தால், நிறையை 1.0054 ஆல் பெருக்கியே கனவளவைப் பெற வேண்டும். பத்து நிறைகளின் இடை 0.9850 கிராம் எனில் உண்மைக் கனவளவு 990.3 மைக்குரோலீற்றர். ஐ.எஸ்.ஓ. 8655 நியமம் இந்த அளவுக்கு அனுமதிக்கும் முறைமைவழு (எப்போதும் ஒரே பக்கமாக விலகும் பிழை) 8 மைக்குரோலீற்றர். ஆகவே இந்தப் பிப்பெற் தவறிவிட்டது. பெருக்காமல் விட்டிருந்தால் 15 மைக்குரோலீற்றர் பிழை என்று எழுதியிருப்போம், அதுவும் தவறு. ஆவியாதலும் இங்கே அதிகம் என்பதால் நிறுக்கும் பாத்திரம் வாய் ஒடுங்கியதாகவும் கை தாமதியாததாகவும் இருக்க வேண்டும்.

பீஎச் மானியில் மின்வாயின் சரிவைப் பதிவுசெய்யாமல் வெறும் “அளவுதிருத்தப்பட்டது” என்று எழுதுவது பயனற்றது. கோட்பாட்டின்படி 25 பாகையில் ஒரு பீஎச் அலகுக்கு 59.16 மில்லிவோல்ற்றும், 30 பாகையில் 60.15 மில்லிவோல்ற்றும் வரும். கருவி காட்டும் சரிவு இதன் 95 முதல் 105 சதவீதத்துக்குள் நின்றால் ஏற்கலாம். தாங்கற் கரைசலின் பெறுமானமும் வெப்பநிலையுடன் மாறுவதால், போத்தலில் அச்சிட்டுள்ள அட்டவணையில் அன்றைய வெப்பநிலைக்குரிய பெறுமானத்தையே எடுக்க வேண்டும். கன்னியா வெந்நீரூற்று நீரைப் போத்தலில் அடைத்துக் கோணேசபுரியிலுள்ள பல்கலைக்கழக வளாகம் வரை கொண்டுவந்து, ஆறிய பின் அளக்கப்படும் பீஎச், ஊற்றின் பீஎச் அன்று. அதை அவ்விடத்திலேயே அளக்க வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டிக்கு உள்ளே ஒரு வெப்பமானி, கதவில் ஒரு பதிவுத்தாள், காலை மாலை இரு குறிப்புகள். 2 முதல் 8 பாகை என்பது எல்லை. இதைப் பற்றி மேலும் சொல்ல எதுவும் இல்லை. மின்வெட்டு வரும்போது மட்டும் கதை மாறும், அதைப் பின்னர் பார்ப்போம்.

படி 5: கரைசல்களும் பெயர்த்தாள்களும்

ஆராய்ச்சி ஆய்வுகூடம் ஒன்றின் உண்மையான தரத்தைக் காண வேண்டுமானால் கரைசல் அடுக்கின் பின்வரிசையைப் பார்த்தால் போதும். “சோடியமைதரொட்சைட்டு 0.1 — புதியது” என்று நீல மையில் எழுதிய போத்தல் ஒன்று அங்கே கட்டாயம் இருக்கும். திகதி இல்லை, பெயர் இல்லை, 0.1 என்பதற்கு அலகும் இல்லை. “தம்பி, இது யார் செய்தது?” என்று தொழில்நுட்ப உத்தியோகத்தர் கேட்டால், “தெரியாது சேர், நாங்கள் வரும்போதே இருந்தது. புதியது என்றுதானே போட்டிருக்கிறது” என்று பதில் வரும்.

சோடியமைதரொட்சைட்டு ஈரத்தையும் காற்றின் காபனீரொட்சைட்டையும் உறிஞ்சும்; கடற்கரை ஊரில் அதன் குறுணிகள் தராசுத் தட்டில் இருக்கும்போதே பளபளக்கத் தொடங்கிவிடும். எனவே நிறுத்துப் பெற்ற செறிவை ஒருபோதும் நம்பக்கூடாது. பொற்றாசியம் ஐதரசன் தலேற்றை உலர்த்தி, 0.5106 கிராம் நிறுத்துக் கரைத்து நியமித்தால், சரியாக 0.1 மோலர் சோடியமைதரொட்சைட்டுக் கரைசலில் 25.00 மில்லிலீற்றர் செலவாகும். வேறு அளவு செலவானால் அதிலிருந்து வரும் உண்மைச் செறிவையே போத்தலில் எழுதுங்கள்.

ஒவ்வொரு போத்தலிலும் பொருளின் பெயர், அலகுடன் செறிவு, தயாரித்த திகதி, முடிவுத் திகதி, தயாரித்தவரின் பெயர், பதிவேட்டுப் பக்க எண் ஆகியவை இருக்க வேண்டும். அந்தப் பக்க எண்தான் படி 1 இல் தொலைந்த கண்ணியை மீட்டுத் தருவது. பெயர்த்தாள் இல்லாத போத்தலை யாரும் கேட்காமலே அப்புறப்படுத்தலாம் என்ற விதியை ஒரு தவணை நடைமுறைப்படுத்திப் பாருங்கள். அதன் பின்னர் நினைவூட்டத் தேவைப்படாது. அப்புறப்படுத்துவது கழிவுத்தொட்டி நடைமுறையின்படியே தவிர, கைகழுவும் தொட்டிக்குள் ஊற்றுவதன்று.

படி 6: மாதிரி, படகிலிருந்து மேசை வரை

கருவி எவ்வளவு துல்லியமானதாக இருந்தாலும் பழுதான மாதிரிக்கு அது துல்லியமான பிழையையே தரும். மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவில் நீரின் உவர்த்தன்மை இடத்துக்கிடமும், வற்றுப்பெருக்கோடும், வடகீழ்ப் பருவமழையோடும் மாறும். ஆகவே மாதிரித் தாளில் நிலையத்தின் ஆள்கூறு, ஆழம், நேரம், வற்றா பெருக்கா, நீரின் வெப்பநிலை, உவர்த்தன்மை, முந்திய நாள் மழை ஆகியவற்றுக்கு முன்கூட்டியே கட்டங்கள் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். படகில் எதை எழுத வேண்டும் என்று யோசிக்க ஒருவருக்கும் நேரம் கிடைக்காது. தாளை நீர்புகாத உறையில் இடுங்கள். ஈரத்தில் பரவும் பேனாவை விட்டுப் பென்சிலை எடுத்துச் செல்லுங்கள். ஆய்வுகூடக் கொப்பியில் மை, படகில் பென்சில்: இது முரண்பாடாகத் தெரிந்தாலும் காரணம் உடையது.

கரைந்த ஒட்சிசனை விங்க்ளர் முறையில் அளப்பதானால், மங்கனீசு சல்பேற்றையும் கார அயடைட்டையும் படகிலேயே இட்டு ஒட்சிசனை நிலைப்படுத்த வேண்டும். போசணைப் பொருள்களுக்கான மாதிரிகளை வடிகட்டிப் பனிக்கட்டிப் பெட்டியில் இருளில் வைக்க வேண்டும். ஒவ்வொரு பயணத்திலும் காய்ச்சி வடித்த நீர் நிரம்பிய ஒரு போத்தலையும் உடன்கொண்டு சென்று, அங்கே திறந்து மூடி, மாதிரிகளோடு சேர்த்துக் கொண்டுவந்து அளவிடுங்கள். கள வெற்று மாதிரி எனப்படும் இது, தொற்று எங்கே ஏறியது என்பதைச் சொல்லும் ஒரே சாட்சி.

மூலிகை ஆய்வுக்கு வருவோம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுவதால் இவ்வூரில் அத்துறை ஆய்வுகளில் ஆர்வம் அதிகம். சந்தையில் ஒரே பெயரில் வெவ்வேறு செடிகள் விற்கப்படுவது நாம் அறிந்ததே. சாறு வடிக்குமுன் பூவும் இலையும் கொண்ட கிளையொன்றை உலர்த்தி அழுத்தி, எண்ணிட்டு, பேராதனையிலுள்ள தேசிய உலர்தாவரகம் போன்ற இடத்தில் இனங்காணப்பெற்று, அந்த எண்ணைக் கட்டுரையிலும் குறிப்பிட வேண்டும். அடையாளத்தைச் சரிபாராத ஆய்வு எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு உயிரணு வளர்ப்புத் துறை சான்று: வெவ்வேறு இழையங்களிலிருந்து வந்தவை என நம்பப்பட்ட பல உயிரணு வரிசைகள் உண்மையில் ஹீலா எனப்படும் புற்றுநோய் உயிரணுக்களால் மாசுற்றவை என்பதை ஸ்டான்லி கார்ட்லர் 1966 இல் காட்டினார், அதற்குப் பின்னரும் அந்தத் தவறு பல தசாப்தங்களாகத் தொடர்ந்தது.

படி 7: முறை நமது நீருக்குப் பொருந்துமா

நூலில் உள்ள முறை, நூலில் உள்ள மாதிரிக்கே உறுதிசெய்யப்பட்டது. இரசாயன ஒட்சிசன் தேவையை (நீரிலுள்ள சேதனப் பொருளை ஒட்சியேற்ற வேண்டிய ஒட்சிசனின் அளவை) இருகுரோமேற்று முறையால் அளப்பது கழிவுநீருக்கு நன்கு வேலைசெய்யும். அதே முறையைக் குடா நீருக்குப் பயன்படுத்தினால் குளோரைட்டும் ஒட்சியேற்றப்பட்டு முடிவைக் கெடுத்துவிடும். இரச சல்பேற்று இட்டு இதைத் தடுக்கலாம் என்றாலும், வழமையான முறையில் அது லீற்றருக்கு ஏறத்தாழ 2,000 மில்லிகிராம் குளோரைட்டு வரையே தாங்கும். கடல்நீரிலோ சுமார் 19,000 மில்லிகிராம் உண்டு. ஒரு மில்லிகிராம் குளோரைட்டு 0.226 மில்லிகிராம் ஒட்சிசனுக்குச் சமன் என்பதால், அணுவளவு சேதனப் பொருளும் இல்லாத தூய கடல்நீர்கூடக் கோட்பாட்டளவில் லீற்றருக்கு 4,200 மில்லிகிராமுக்கு மேற்பட்ட தேவையைக் காட்டக்கூடும். ஐதாக்கலாம் என்று சிலர் கூறுவர். பத்து மடங்கு ஐதாக்கினால் தேடுகின்ற சேதனப் பொருளும் கண்டறியும் எல்லைக்குக் கீழே போய்விடும். இத்தகைய நீருக்கு மொத்தச் சேதனக் காபன் போன்ற வேறு அளவீட்டை நாடுவதே முறையானது.

முறை பொருந்துகிறதா என்பதை அறிய மூன்று சிறு சோதனைகள் போதும். வெற்று மாதிரி, மாசு எவ்வளவு என்று சொல்லும். இரட்டை மாதிரி, அதே முடிவு திரும்பவும் வருகிறதா என்று சொல்லும். தெரிந்த அளவைச் சேர்த்து மீட்டுப் பார்த்தல், மாதிரியின் ஏனைய கூறுகள் குறுக்கிடுகின்றனவா என்று சொல்லும். 2.1 மில்லிகிராம் காட்டிய மாதிரியில் 5.0 சேர்த்தபின் 6.8 காட்டினால், மீட்பு 94 சதவீதம். இதுவே 60 ஆக வந்தால் முறையை நிறுத்திக் காரணம் தேட வேண்டும். பத்து மாதிரிக்கு ஒன்று என்ற விகிதத்தில் இம்மூன்றையும் சேர்த்துக்கொள்வது சிறிய ஆய்வுகூடத்துக்குத் தாங்கக்கூடிய செலவு.

படி 8: கட்டுப்பாட்டு வரைபடம்

வோல்ற்றர் ஷூவார்ட் 1924 இல் தொழிற்சாலைக்காக வகுத்த கட்டுப்பாட்டு வரைபடத்தை லெவே, ஜெனிங்ஸ் இருவரும் 1950 இல் மருத்துவ ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்தனர். வெஸ்ற்கார்ட் 1981 இல் அதற்குப் பல விதிகளைச் சேர்த்தார். ஆராய்ச்சிக்கு அதன் எளிய வடிவமே போதும். குடா நீரை நிறைய எடுத்து வடிகட்டி, நன்கு கலந்து, சிறு குப்பிகளில் பகிர்ந்து உறையவையுங்கள். ஒவ்வொரு தொகுதியோடும் ஒரு குப்பியை அளந்து புள்ளியிடுங்கள். இருபது பெறுமானங்கள் சேர்ந்ததும் இடையும் நியம விலகலும் கணித்துக் கோடுகள் வரையலாம். இரண்டு நியம விலகலைத் தாண்டினால் எச்சரிக்கை, மூன்றைத் தாண்டினால் அத்தொகுதி நிறுத்தப்படும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் ஏறத்தாழ இருபதில் ஒரு புள்ளி தற்செயலாகவே இரண்டு நியம விலகலுக்கு வெளியே விழும். அதைக் கண்டு பதறித் தொகுதி முழுவதையும் திருப்பிச் செய்ய வைக்கும் மேற்பார்வையாளர், புள்ளிகளை மறைக்கவே மாணவர்களைப் பழக்குகிறார்.

படி 9: பதிவும் விலகல் குறிப்பும்

பக்க எண் இடப்பட்ட, தைத்த கொப்பி, மை, அன்றன்றே எழுதுதல், தவறை ஒற்றைக் கோட்டால் வெட்டி, திகதியும் முதலெழுத்தும் இடுதல். இவை பழைய விதிகள், இன்னும் சிறந்தவை. செயன்முறைத் தாள் ஒவ்வொன்றும் ஒரு பக்கத்தைத் தாண்டாமல், ஆய்வுகூட உதவியாளரும் வாசித்துச் செய்யக்கூடிய தமிழில் இருக்க வேண்டும்.

ஆராய்ச்சிக்கென்று புதிதாகச் சேர்க்க வேண்டியது ஒரு விலகல் நிரல். சோதனைக்கூடத்தில் செயன்முறையிலிருந்து விலகுவது குற்றம். ஆராய்ச்சியில் அது அன்றாட நிகழ்வு. “வெப்பமாக்கல் 20 நிமிடம் என்றிருந்தது, நிறம் வராததால் 35 நிமிடம் வைத்தேன்” என்ற ஒரு வரி, பின்னர் அம்முறை ஏன் வேறொருவரின் கையில் வேலைசெய்யவில்லை என்ற கேள்விக்கு விடையாக அமையலாம். இந்த நிரல் வெறுமையாகவே இருக்கும் கொப்பியை நான் சந்தேகத்துடனேயே பார்ப்பேன்.

கணினிக் கோப்பில் மூலத் தரவை எவரும் தொடக்கூடாது. கணிப்புகள் பிரதியில் மட்டும் நடக்க வேண்டும். எக்செல் மென்பொருள் தானாகவே சிலவற்றைத் திகதியாக்கிவிடும். 5-3 என்று மாதிரிக்குக் குறியீடிட்டால் அது மார்ச் மாதத்திலோ மே மாதத்திலோ ஒரு நாளாகிவிடும். மரபணுப் பெயர்களுக்கும் இக்கதி நேர்ந்து, 2016 இல் வெளியான ஆய்வொன்று எக்செல் மரபணுப் பட்டியல்களைக் கொண்ட கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்திலொன்றில் இத்தவறு இருந்ததாகக் காட்டியது. இறுதியில் 2020 இல் சில மரபணுக்களின் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. குறியீட்டை எழுத்தில் தொடங்குங்கள். தொலைபேசியில் எடுத்த படங்கள் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் கிடந்தால் அவை பதிவுகள் ஆகமாட்டா. அன்று மாலையே திட்டக் கோப்புறைக்கு ஏற்றப்பட வேண்டும்.

படி 10: மின்வெட்டுக்கும் தவறுக்கும் ஆயத்தம்

2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின் துண்டிக்கப்பட்டதை மறந்திருக்கமாட்டோம். அக்காலத்து உறைபதன மாதிரிகளை இன்று பயன்படுத்துவோர், அவை உருகி மீண்டும் உறைந்தனவா என்று எப்படி அறிவர்? ஒரு கோப்பையில் நீரை உறையவைத்து மேலே ஒரு நாணயத்தை வைத்துப் பெட்டிக்குள் விடுங்கள். நாணயம் அடியில் கிடந்தால் எல்லாம் உருகியது என்று பொருள். உச்சம், இழிவு இரண்டையும் நினைவில் வைக்கும் வெப்பமானி இதைவிடச் சிறந்தது, விலையும் அதிகமில்லை. எந்த மாதிரியை முதலில் மின்பிறப்பாக்கியுள்ள இடத்துக்கு மாற்றுவது, திறப்பு யாரிடம், இரவில் யாரை அழைப்பது என்பனவற்றைக் கதவிலேயே ஒட்டிவிடுங்கள்.

தவறு கண்டால் என்ன செய்வது என்பதும் இப்படியே முன்கூட்டி எழுதப்பட வேண்டும்: எந்த முடிவுகள் பாதிக்கப்பட்டன, யாருக்கு அறிவிப்பது, காரணம் எது. 2011 இல் ஒபேரா என்ற பௌதிகவியல் ஆய்வுக்குழு, நுண்துகள்களான நியூத்திரினோக்கள் ஒளியைவிட 60 நனோசெக்கன் முந்தி வந்ததாக அறிவித்து, தவறைக் கண்டுபிடிக்க உதவுமாறு ஏனையோரையும் வேண்டிக்கொண்டது. 2012 இல், சரியாகப் பொருத்தப்படாத ஒளியிழை இணைப்பொன்று முக்கிய காரணமாகக் கண்டறியப்பட்டது. அந்தளவு பெரிய குழுவுக்கே ஓர் இணைப்பி தளர்ந்திருந்தது என்றால், நமது ஒளிமானியின் பின்பக்கத்தையும் இடைக்கிடை பார்ப்பதில் வெட்கம் எதுவுமில்லை.

அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கலாமா

பெரும்பாலான ஆராய்ச்சி ஆய்வுகூடங்களுக்குத் தேவையில்லை. ஆனால் கிணற்று நீரையோ இறால் பண்ணை நீரையோ பணம் பெற்றுச் சோதித்து வெளியாருக்கு அறிக்கை வழங்கத் தொடங்கினால் நிலைமை மாறும். 2005 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கைத் தராதர அங்கீகாரச் சபை, ஐ.எஸ்.ஓ. 17025 இன்கீழ் அங்கீகாரம் வழங்குவது ஆய்வுகூடம் முழுவதற்குமாக அன்று. பெயர் குறித்த சோதனைகளுக்கே. ஆகவே பீஎச், மின்கடத்துதிறன், நைத்திரேற்று போன்று ஏற்கெனவே கட்டுப்பாட்டு வரைபடம் நிரம்பியுள்ள இரண்டு மூன்று சோதனைகளை மட்டும் முதலில் முன்வைக்கலாம். அதற்கு முன் வெளி ஆய்வுகூடங்களுடனான தகைமைச் சோதனை (ஒரே மாதிரியைப் பல ஆய்வுகூடங்கள் அளந்து ஒப்பிடுவது) ஒன்றில் அச்சோதனைகளுடன் பங்குபற்றுங்கள். அதில் கிடைக்கும் முடிவு சாதகமாக இல்லாவிட்டால், விண்ணப்பக் கட்டணத்தை அவ்வருடம் சரிபார்ப்பு நிறைகளுக்கும் சான்றளிக்கப்பட்ட நியமப் பொருள்களுக்கும் செலவிடுவதே சரியானது.